கியர் விழாத வண்டியும் ஒரு கையின் வரலாறும்

‘கியர் விழவில்லை’ என்பது நம்மூர்ப் பட்டறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொற்றொடர். கியர் ஏன் ‘விழ’ வேண்டும், அது ஏறவோ இறங்கவோ கூடாதா என்று தமிழாசிரியருக்கே உரிய ஓர் ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. பல்லொன்று தனக்குரிய பள்ளத்தில் சென்று அமரும்போது பாதத்துக்கடியில் ‘டொக்’கென்று உணரப்படும் சிறு அதிர்வை அறிந்த தொழிலாளர் எவரோ வைத்த பெயராக அது இருக்கவேண்டும். அச்சொல்லின் பொருத்தத்தை நாம் முழுமையாக உணர்ந்தது தமிழ்நாட்டுப் பட்டறை எதிலும் அன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், மைத்துனர் வீட்டின் பின்புறக் கொட்டகையில், மூன்று பெரிய பலூன் சக்கரங்களின் மேல் அமர்ந்திருந்த ஒரு பழைய வண்டியின் முன்னால்தான்.

இலக்கியம் பேசும் பக்கத்தில் கியர்ப் பெட்டிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் பழைய ஏட்டுச்சுவடி ஒன்றைக் கையில் எடுப்பவர் அதிலுள்ள பிழை ஆசிரியருடையதா, இடையில் படியெடுத்தவருடையதா, செல்லரித்ததால் நேர்ந்ததா என்று பிரித்தறிய எவ்வாறு முயல்வாரோ, அவ்வாறேதான் நாற்பதாண்டுப் பழமையான எந்திரத்தின் முன் அமர்பவரும் முயலவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் பொறுமை வேண்டும். இரண்டிலும் முதலில் தோன்றும் விடை பெரும்பாலும் தவறாக இருக்கும்.

வண்டி, ஹோண்டா நிறுவனம் 1979 முதல் 1985 வரை விற்ற ஏடிசி 110 என்னும் வகையைச் சேர்ந்தது. சாலைக்கு வெளியே, வயலிலும் மணலிலும் பனியிலும் ஓட்டுவதற்கென்று செய்யப்பட்டது. முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. 105 சிசி கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். கயிற்றை இழுத்து உயிர்ப்பிக்க வேண்டும். நான்கு கியர். கிளட்ச் பிடி கிடையாது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் நிலத்தை விற்றுவிட்டுப் போகும்போது கொடுத்துச் சென்றதை மைத்துனர் ஏற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கொட்டகைக்கு வருகிற ஒவ்வொரு முறையும், “இது எப்போ சரியாகும் மாமா?” என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

குறைகள் மூன்று. முதற்கியர் விழுந்த உடனே, விசையைத் தொடாதபோதும், வண்டி கயிறு அவிழ்ந்த கன்றைப் போல முன்னால் நகரத் தொடங்கியது. எஞ்சின் ஓடும்போது கியர் மாற்றினால் உள்ளே இரும்பு இரும்போடு மோதும் ஓசை. நியூட்ரல் கிடைப்பதே இல்லை. இவ்விரண்டையும்விடக் கவலைக்குரியது மூன்றாவது: வீட்டின் பின்னாலுள்ள சரிவில் ஏறும்போதோ இறங்கும்போதோ இரண்டாம் கியர் தானாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். “எஞ்சினைப் பிரிச்சுத்தான் ஆகணும் அத்தான்” என்று மைத்துனர் முடிவு கட்டியிருந்தார். மூன்றில் ஒன்றுக்கு மட்டுமே அது விடை என்பது பின்னர்தான் தெரிந்தது. அதற்கு இந்தக் கிளட்சின் பிறப்பு வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்ள வேண்டியிருந்தது.

1956ஆம் ஆண்டின் இறுதியில் சொய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய கூட்டாளியான டகேயோ ஃபுஜிசாவாவும் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே தெருக்களில் ஓடிய சிறு வண்டிகளைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினர். எளிய மக்கள் அனைவரும் ஓட்டத்தக்க, ஜப்பானின் அன்றைய கரடுமுரடான சாலைகளுக்கு ஈடுகொடுக்கத்தக்க வண்டி ஒன்று வேண்டும் என்பது ஃபுஜிசாவாவின் கோரிக்கை. அக்காலத்தில் ஜப்பானிய நகரங்களில் சோபா என்னும் நூடுல்ஸ் உணவைக் கடைகளிலிருந்து வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுசெல்லும் பையன்கள் ஏராளம். ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் மட்டுமே ஓட்டுவது அவர்களுடைய தொழில். அவர்களும் ஓட்டும்படி இருக்கவேண்டும் என்று ஹோண்டா விரும்பினார். அப்படியானால் இடக்கைக்கு வேலையே இருக்கக்கூடாது. கிளட்ச் பிடி போக வேண்டும். ஆனால் கியர் இருக்க வேண்டும்.

1958 ஆகஸ்டில் வெளிவந்த சூப்பர் கப் இந்தச் சிக்கலுக்குத் தந்த விடை எளிமையானது போலத் தோன்றும், எளிமையானதன்று. எஞ்சின் அச்சின்மேல் அமர்ந்த கிளட்சுக்குள் சிறு எடைகள் உள்ளன. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது அவை உள்ளொடுங்கிக் கிடக்கும். கிளட்ச் பிரிந்தே இருக்கும். வேகம் கூடும்போது, கவணில் கல் விலகுவது போல, எடைகள் வெளிநோக்கி விலகிக் கிளட்ச் தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தும், வண்டி நகரும். வண்டியை நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் இது போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்ற வேண்டுமானால்? அங்கேதான் நுட்பம். கியர் மிதியைக் காலால் அழுத்தும்போது, அந்த அழுத்தத்தின் முதற்பகுதி கிளட்சைப் பிரிக்கிறது. இரண்டாம் பகுதிதான் கியரை மாற்றுகிறது. காலை எடுத்ததும் கிளட்ச் மீண்டும் பிடிக்கிறது. கை செய்துவந்த வேலையைப் பாதம் ஏற்றுக்கொண்டது.

சூப்பர் கப் குடும்பம் 2017இல் பத்துக் கோடி என்னும் எண்ணிக்கையைத் தாண்டியது. மலேசியத் தமிழர்கள் ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டிகள் இந்தக் குடும்பத்தவையே. நம்மூரில் 1990களின் பிற்பகுதியில் வந்த ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் என்னும் வண்டியை நினைவுகூர்பவர்களுக்கும் இடக்கை சும்மா இருக்கும் அந்த விசித்திர உணர்வு தெரிந்திருக்கும். இல்லாத பிடியை இடக்கை தேடித்தேடி ஏமாறும்.

அமெரிக்காவுக்கு வருவோம். 1959இல் லாஸ் ஏஞ்சலஸில் கடை திறந்த ஹோண்டாவுக்கு அடுத்த பத்தாண்டுகளில் விற்பனை பெருகியது. ஆனால் வடமாநிலங்களில் குளிர்காலம் வந்தால் மோட்டார் சைக்கிள் கடைகளில் ஈயாடாது. ஈயும் அங்கே குளிரில் இருக்காது. பனிக்காலத்தில் விற்பதற்கு ஏதேனும் செய்து தாருங்கள் என்று அமெரிக்க ஹோண்டா 1967இல் ஜப்பானிடம் கேட்டது. பொறுப்பை ஏற்றவர் ஒசாமு டகேயுச்சி என்னும் பொறியாளர். இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வகைவகையான மாதிரிகளைச் செய்து பார்த்த அவர், மூன்று சக்கரமே பனிக்கும் சேற்றுக்கும் பொருந்துவதாகக் கண்டார். ஆம்ஃபிகேட் என்னும் ஆறு சக்கர நீர்நில வண்டியின் பலூன் டயர்கள் அவருக்கு வழிகாட்டின. அழுத்தம் மிகக் குறைந்த அந்த டயர்கள் பனியில் புதையாமல் மிதக்கும். வண்டிக்கு ஸ்ப்ரிங்கோ ஷாக் அப்சார்பரோ இல்லாத குறையையும் அவையே தீர்த்தன. 1970இல் யுஎஸ் 90 என்னும் பெயரில் 89 சிசி எஞ்சினுடன் அது வெளிவந்தது. விலை 595 டாலர். பின்னர் ஏடிசி 90 என்று பெயர் மாறியது. 1971இல் வந்த ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ படத்தில் ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி இந்த வண்டியில் பாலைவனத்தில் பாய்ந்தோடினார். அதன்பின் விளம்பரம் வேறு வேண்டுமா?

நாம் கவனிக்க வேண்டியது எஞ்சினோடு கூடவே வந்த கிளட்சை. சோபா தட்டைத் தாங்குவதற்காக விடுதலை பெற்ற இடக்கை, இப்போது தாங்குவதற்குத் தட்டில்லாத நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அங்கே அதன் பயன் வேறாயிற்று. மோட்டார் சைக்கிளை வாழ்நாளில் தொட்டே பாராதவர்களும் ஐந்து நிமிடத்தில் ஓட்டக் கற்கலாம் என்பதே இந்த வண்டியின் கவர்ச்சி ஆயிற்று. வலக்கைப் பெருவிரலால் ஒரு விசையை அழுத்தினால் போகும், விட்டால் நிற்கும். குழந்தைக்கும் புரியும். இந்தக் கடைசி வாக்கியத்துக்குப் பின்னால் திரும்பி வருவோம்.

கொட்டகையில் நாம் முதலில் செய்தது ஒன்றையும் பிரிக்காத ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு, பின்பக்கத்தை மரக்கட்டையின் மேல் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டியபடியே மிதியை ஒவ்வொரு கியராக அழுத்திப் பார்ப்பது. (சக்கரத்தை உருட்டாமல் அழுத்தினால் பல்லும் பல்லும் எதிரெதிரே நின்றுவிடலாம், நல்ல கியர்ப் பெட்டியையும் கெட்டது என்று தவறாகத் தீர்ப்பளிக்க நேரும்.) நான்கு கியரும் அழகாக விழுந்தன. நியூட்ரலும் கிடைத்தது. மிதியும் ஒவ்வொரு முறையும் தன் நடுநிலைக்குத் திரும்பியது.

இந்த ஒரு சோதனையிலேயே பாதி வழக்கு தள்ளுபடியாகிறது. எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் குற்றம் மிதியிலோ அதன் தண்டிலோ உள்ளே கியரை நகர்த்தும் உருளையிலோ கவைகளிலோ இருக்கும். மிதி ஒருமுறை வேலை செய்துவிட்டு அடுத்த முறை தொளதொளவென்று ஆடினால், அதைத் திருப்பி இழுக்கும் ஸ்ப்ரிங் உடைந்திருக்கலாம். மிதி சுற்றினாலும் தண்டு சுற்றாவிட்டால், இரண்டும் பொருந்துமிடத்தின் வரிப்பற்கள் மழுங்கியிருக்கும். இவ்வகைப் பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். அணைந்திருக்கும்போது ஒழுங்காக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு செய்தால் கியர்ப் பெட்டி நிரபராதி. கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என்று பொருள்.

அடுத்து எஞ்சினை உயிர்ப்பித்தோம். நியூட்ரலிலிருந்து முதற்கியருக்குத் தட்டியவுடன், அந்தரத்தில் நின்ற பின்சக்கரங்கள் விசையைத் தொடாமலே விறுவிறுவென்று சுற்றின. எண்ணெய் பிசுபிசுத்திருந்தால் சிறிது சுற்றும், அது குற்றமன்று. இது அப்படிச் சுற்றவில்லை. பிரேக்கைப் பிடித்தால் எஞ்சினே திணறியது.

கிளட்ச் பிரியாமைக்குக் காரணங்கள் சில உண்டு. எஞ்சினும் கிளட்சும் கியரும் ஒரே எண்ணெயில் குளிப்பவை. எனவே முதலில் எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒரு லிட்டர் மட்டுமே கொள்ளுமிடத்தில் வெளிவந்தது தார் போன்ற கருங்குழம்பு. புதிய எண்ணெய் ஊற்றினோம். இங்கே ஓர் எச்சரிக்கை: கார்களுக்கென்று விற்கும் சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்திருக்கும். எண்ணெயில் நனையும் கிளட்சில் அவற்றை ஊற்றினால் தட்டுகள் வழுக்கும். கியர் விழுந்தும் வண்டி போகாது. மோட்டார் சைக்கிளுக்குரிய, ஜாசோ எம்ஏ என்னும் குறியீடுள்ள எண்ணெயே வேண்டும்.

எண்ணெய் மாற்றியதும் மோதல் ஓசை சற்றே குறைந்தது, நகர்தல் குறையவில்லை. அப்போதுதான் நம் செவிக்கு ஒன்று உறைத்தது. எஞ்சின் சும்மா நிற்கும்போது வேண்டியதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கிளட்ச் எடைகளின் கதையை நினைத்துப் பாருங்கள்: மெதுவாகச் சுற்றினால்தான் அவை ஒடுங்கும். ஐடிலிங் வேகம் கூடுதலாக இருந்தால் அவை எப்போதும் பாதி விரிந்தபடியே இருக்கும். கிளட்ச் எப்போதும் பாதி பிடித்தபடியே இருக்கும். மைத்துனர் கார்புரேட்டரின் ஐடிலிங் திருகைத் தளர்த்தினார். எஞ்சின் இரண்டுமுறை இருமிவிட்டு அணைந்துபோனது. மீண்டும் முயன்றோம், மீண்டும் அணைந்தது.

வழக்கு இப்போது வேறு நீதிமன்றத்துக்கு மாறியது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தால், குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளை காய்ந்த பெட்ரோலின் பச்சைப் பிசினால் அடைபட்டிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியில் இது இயல்பு. முன்பு வைத்திருந்தவர் எவரோ, எஞ்சின் அணைந்து அணைந்து போவதைக் கண்டு, துளையைத் துடைப்பதற்குப் பதிலாகத் திருகை இறுக்கி வேகத்தைக் கூட்டிவிட்டிருக்கிறார். அணைவது நின்றது. கியர் விழாமை தொடங்கியது. ஏடெழுதியவர் தமக்குப் புரியாத ஒரு சொல்லைத் தமக்குப் புரிந்த வேறொன்றாக மாற்றிவிட, அந்த அடிக்குப் பொருந்தவேண்டும் என்பதற்காகப் பின்வந்தவர் அடுத்த அடியையும் மாற்றிவிடுவார் அல்லவா? அதேதான் இது.

துளையைத் துடைத்துப் பொருத்தி, ஐடிலிங்கை இறக்கியதும் எஞ்சின் அமைதியாக நின்றது, பின்சக்கரங்களும் நின்றன. கியர் மாறும்போது சிறு உரசல் மட்டும் எஞ்சியிருந்தது. அதற்கு வலப்பக்க எஞ்சின் மூடியிலுள்ள திருகு மருந்து. அதைச் சுற்றியுள்ள லாக்நட்டைத் தளர்த்தி, திருகை இலேசான தடை உணரப்படும் வரை திருப்பி, அங்கிருந்து எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்று வரை பின்வாங்கி, திருகு அசையாதபடி பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். அவ்வளவே. இடைவெளி கூடினால் மிதியின் முதல் அழுத்தம் கிளட்சைப் பிரிக்காமலே வீணாகும். இடைவெளியே இல்லாவிட்டால் கிளட்ச் எப்போதும் சற்றே பிரிந்து நின்று வழுக்கும், தட்டுகள் கருகும். எட்டில் ஒரு சுற்றுக்கும் கால் சுற்றுக்கும் இடையே இவ்வளவு பெரிய வாழ்க்கை இருக்கிறது.

இங்கேயே வேறு இரண்டு ஏமாற்றுகளைச் சொல்லிவிடுகிறோம். இந்தக் குடும்பத்தின் சில வண்டிகளில் நான்கு கியருக்கும் மேலாக, மேடு ஏறவும் சுமை இழுக்கவும் ‘தாழ்’, சமநிலத்துக்கு ‘உயர்’ என இரண்டு நிலைகள் உண்டு. அதன் நெம்பு இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டால் எந்தக் கியரும் வேலை செய்யாது. கியர்ப் பெட்டியே போயிற்று என்று அலறிப் பிரித்தவர்கள் உண்டு. இன்னொன்று பின்சக்கரம். அச்சில் சக்கரத்தைப் பற்றும் வரிப்பற்கள் தேய்ந்துபோனால், கியரும் விழும், கிளட்சும் பிடிக்கும், செயினும் ஓடும், அச்சும் சுற்றும். சக்கரம் மட்டும் சும்மா நிற்கும். கிளட்சைக் குறை சொல்வதற்கு முன் குனிந்து அச்சின் நுனியைப் பார்த்துவிடுவது நல்லது.

முதலிரு குறைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையிலேயே தீர்ந்தன. மகள் தலைக்கவசத்தோடு வந்து நின்றாள். மூன்றாவது குறையோ அப்படியே இருந்தது. சரிவில் இரண்டாம் கியர் கழன்றது. அதுவும் மைத்துனர் ஓட்டும்போது, இறக்கத்தில். இந்த வண்டிக்கு முன்சக்கரத்தில் பிரேக் கிடையாது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இறக்கத்தில் வேகத்தைப் பிடித்து வைப்பது எஞ்சினும் கியரும்தான். கியர் கழன்றால் எஞ்சினின் பிடியும் போயிற்று. மிஞ்சுவது பின்சக்கர டிரம் பிரேக் ஒன்று. அவர் புல்வெளியின் விளிம்புவரை உருண்டு சென்று வேலியோரம் நின்றார். காயமில்லை. தலைக்கவசம் திரும்ப உள்ளே போயிற்று.

‘குழந்தைக்கும் புரியும்’ என்னும் வாக்கியத்துக்கு இப்போது திரும்புவோம். 1980களின் தொடக்கத்தில் யமஹா, கவாஸாக்கி போன்றவையும் இந்தச் சந்தையில் இறங்கின. மூன்று சக்கர வண்டிகள் இலட்சக்கணக்கில் விற்றன. பண்ணைகளில் அவை மாட்டை மேய்க்கவும் வேலியைச் சுற்றிவரவும் உழைத்தன என்பது உண்மை. ஆனால் ஓட்டக் கற்பதற்கு எளிதான இவ்வண்டி, திருப்புவதற்கு எளிதானதன்று. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டவை. திரும்பும்போது வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அச்சு அதை அனுமதிக்காது. ஒரு சக்கரம் வழுக்கியே ஆகவேண்டும், அதற்கு ஓட்டுபவர் உடலின் எடையைச் சரியான பக்கம் சாய்க்கத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் விழப்போகும்போது இயல்பாகவே காலைத் தரையில் ஊன்றுவோம். இதில் ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின்மேலேயே ஏறும். இவையெல்லாம் ஐந்து நிமிடத்தில் வருபவை அல்ல. கிளட்ச் பிடியை எடுத்துவிட்டதால் கற்றலின் வாசற்படி தாழ்ந்தது. உள்ளே இருந்த கிணறு அப்படியேதான் இருந்தது. இறந்தோர் தொகை நூற்றுக்கணக்கில் ஏறியது. அவர்களுள் கணிசமானோர் பதினாறு வயது நிரம்பாதவர்கள்.

1987 டிசம்பர் இறுதியில் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 1988 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஹோண்டா, யமஹா, சுசூக்கி, கவாஸாக்கி, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தின. எஞ்சின் 90 சிசிக்கு மேற்பட்டால் ஓட்டுபவருக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும் என்று அறிவுறுத்தவும் இசைந்தன. பத்தாண்டுக் காலத்துக்கான அந்த உடன்பாடு 1998இல் முடிந்த பிறகும் பெரிய நிறுவனங்கள் மூன்று சக்கரத்துக்குத் திரும்பவில்லை. 2008இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டம் புதிய மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையையும் இறக்குமதியையும் தடை செய்தது.

இதில் நமக்கு வியப்பளித்தது ஒன்றே. ஏற்கனவே விற்றவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாடு அந்த உடன்பாட்டில் இல்லை. பிறப்புக்குத் தடை வந்தது. பிறந்தவை பிழைத்துக் கிடந்தன. கொட்டகைகளிலும் வைக்கோற்போர்களின் பின்னாலும் அவை ஒதுங்கின. கையேட்டைத் தொலைத்துவிட்டு, காரணம் தெரியாமல் திருகை இறுக்கியவர்களின் கைகள் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சென்றன. ஆகவே பழைய மூன்று சக்கரத்தின் கியர்க் கோளாற்றைச் சரியாகக் கண்டறிவது பொழுதுபோக்கு மட்டுமன்று என்றே கருதுகிறோம். அது ஓடத்தான் போகிறது. சரியாக ஓடுகிறதா, சரிவில் கழன்றுகொண்டு ஓடுகிறதா என்பதே கேள்வி.

அந்தக் கோடை முடிந்து நாம் ஊர் திரும்பிவிட்டோம். குளிர்காலத்தில் மைத்துனர் எஞ்சினைக் கீழிறக்கினார். வலப்பக்க மூடியையும் கிளட்சையும் கழற்றியதும், கியர் உருளையை அதனதன் இடத்தில் நிறுத்திவைக்கும் நட்சத்திரத் தகடும் அதன்மேல் அழுந்தும் சிறு கையும் தென்படும். இதுவரை எஞ்சினை இரண்டாகப் பிளக்க வேண்டியதில்லை. கையின் ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலே கியர் கழலக்கூடும் என்பதால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருந்தோம். அது நன்றாகவே இருந்தது. வேறு வழியின்றிப் பிளந்தார்.

அவர் அனுப்பிய படங்களை இன்னும் வைத்திருக்கிறோம். இரண்டாம் கியரின் பக்கவாட்டில் அடுத்த பல்சக்கரத்தைப் பற்றும் தடித்த முனைகள் உண்டு. அவற்றின் விளிம்புகள் கத்தியால் வெட்டியது போலக் கூராக இருக்க வேண்டும். இங்கே அவை ஆற்றங்கரைக் கூழாங்கல்லைப் போல உருண்டு திரண்டிருந்தன. அவற்றை நகர்த்தும் கவையின் ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து, மெல்லியதாய் வளைந்திருந்தது. உருண்ட முனைகள் சுமை ஏறியதும் ஒன்றையொன்று தள்ளிவிடும், கியர் கழலும். நோய் இதுதான்.

ஆனால் ஏன் இப்படித் தேய்ந்தன? இரும்பின் குறையென்றோ வயதென்றோ சொல்ல நமக்கு மனமில்லை. மற்ற கியர்களின் முனைகள் அதே வயதில் கூராகவே இருந்தன. எஞ்சினின் விசையைத் தளர்த்தாமலே மிதியை மிதித்தவர்கள், பல ஆண்டுகளாக, முதலிலிருந்து இரண்டாம் கியருக்குத் தாவித்தாவிச் செய்த வேலை இது. கிளட்ச் பிடியுள்ள வண்டியில் இடக்கை பிடியை அழுத்தும்போதே வலக்கை தானாக விசையைத் தளர்த்தும். இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று கற்பித்துக்கொள்ளும் பழக்கம் அது. பிடி போனபோது அந்தப் பழக்கமும் சேர்ந்து போய்விட்டது. பெருவிரலை எடுத்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்று முதன்முதலில் ஏறி அமர்ந்த பண்ணைப் பையனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஓட்டுவது எளிது என்றுதானே சொல்லி விற்றார்கள்? சோபா தட்டை ஏந்திய பையனாவது தட்டுக்காக மெல்ல ஓட்டியிருப்பான்.

உடைத்துப் போட்ட வேறொரு எஞ்சினிலிருந்து நல்ல பல்சக்கரமும் கவையும் தேடிப் பிடிக்க மைத்துனருக்கு மூன்று மாதங்கள் ஆயின. அடுத்த முறை நாம் அங்கே சென்றபோது அவரே சரிவில் ஏறி இறங்கிக் காட்டினார். இரண்டாம் கியர் நின்றது. ஒவ்வொரு முறையும் பெருவிரலை எடுத்துவிட்டு, மிதியை ஒரே உறுதியாய் அழுத்தி, காலை எடுத்து, பிறகே மீண்டும் விசை. ‘டொக்’. விழுந்தது.

கொட்டகைக் கதவின் உட்புறத்தில் அவர் பென்சிலால் சில குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். எண்ணெயின் அளவு, டயரின் அழுத்தம், கிளட்ச் திருகுக்கு ‘எட்டில் ஒன்று, அதற்குமேல் வேண்டாம்’ என்று ஒரு வரி. அதன் கீழே ஓர் ஆண்டு. மகளுக்குப் பதினாறு வயது நிறையும் ஆண்டு என்று கணக்கிட்டுப் பார்த்தபோது புரிந்தது. அந்த எண்ணின் குறுக்கே வேறொரு பேனாவால் அழுத்தமாக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அடித்தது யார் என்று நாம் கேட்கவில்லை.